தம்பிக்கு ஒரு காப்பகம், அக்காவுக்கு ஒரு வகுப்பறை

எனது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நடவுக் காலம் முழுவதும் பள்ளிக்கு வரவில்லை. படிப்பில் ஆர்வம் இல்லை என்றே நினைத்தேன். ஒரு மாலையில் வீட்டுக்குச் சென்றபோது, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள்.

“நான் நடவுக்குப் போகலேன்னா அடுப்பு எரியாது டீச்சர். இவனை யார்கிட்ட விடுறது?” என்றார் தாய்.

என்னிடம் பதில் இல்லை. ஊரில் அங்கன்வாடி உண்டு. ஆனால் இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அங்கிருந்து சத்துமாவுதான் வீட்டுக்கு வருகிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லை. தனியார் காப்பகக் கட்டணம் தினக்கூலியில் கட்டுப்படியாகாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியது. மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பருவக் கல்விக்கோ, அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றே பிரிவு 11 கூறுகிறது. தம்பிக்கு உரிமை இல்லாததால் அக்காவின் உரிமையும் பறிபோகிறது.

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில், 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம் அமைக்க வழியுண்டு. பயிற்சி பெற்ற பணியாளர், தூய குடிநீர், சத்தான உணவு, தூங்க இடம், தாயின் வேலை நேரத்துக்கு ஏற்ற நேரம் ஆகியவை இருந்தால்தான் தாய் நம்பி விடுவார்.

ஆசிரியர்களாகிய நாம் ஒன்று செய்யலாம். நீண்ட விடுப்பின் உண்மைக் காரணத்தைக் கேட்டுக் குறித்துவைப்போம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் மாணவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்போம். அங்கிருந்து கிராம சபைத் தீர்மானமாக அது செல்லட்டும்.