பொமரேனியன் நாய்க்குத் தோல் அரிப்பு

கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிராமங்களிலும் பொமரேனியன் நாய்கள் வளர்க்கப்படுகின்றன. குளிர்நாட்டு இனமாதலால் இவற்றிற்கு உரோமம் அடர்த்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் உடனே துவட்ட வேண்டும். அடியில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

வாலடியை ஓயாது கடித்து உரோமம் உதிர்ந்தால், அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியின் எச்சிலால் வரும் ஒவ்வாமையே. ஒவ்வாமையுள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும்.

இதற்குப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பூசவே கூடாது. நாய் அதை நக்கும். தோல் வழியாகவும் நஞ்சேறும். நுரை தள்ளி, வலிப்பு கண்டு இறக்க நேரிடும். தொட்டு விளையாடும் குழந்தைகளுக்கும் ஆபத்து. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்தையே இட வேண்டும்.

தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாய் படுக்குமிடத்தில் உதிர்ந்து கிடக்கும். ஆகவே படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்துவது அவசியம்.