ஓடுகளமும் பெண்கல்வியும்

கல்வி என்பது நூலறிவு ஒன்றே எனக் கருதுவாரும், உடற்பயிற்சி கல்விக்குப் புறம்பானதொரு பொழுதுபோக்கு எனக் கருதுவாரும் நம்மிடையே பலர் உளர். இவ்விரு கொள்கையும் பொருந்தா என்பதை வாதத்தால் நிறுவுவதினும் வரலாற்றால் நிறுவுதல் எளிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, இருபதாம் நூற்றாண்டில், கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாண்டலும் கற்பித்த இரண்டு கல்விநிலையங்களின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பயிற்றுவோன் ஒருவன் தன் மாணவிக்கு அளிக்கத்தக்கது யாது, அளிக்க இயலாதது யாது என்னும் வினாவே இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

முதற்கண் அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். அடிமைத்தளை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் அறுக்கப்பட்டதாயினும், தென்மாநிலங்களில் இனவொதுக்கல் நெடுங்காலம் நிலைத்து நின்றது. கறுப்பினத்தார்க்குப் பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, உணவுச்சாலை வேறு. பொது விளையாட்டிடங்கள் பலவற்றில் அவர்கள் கால்வைத்தலும் கூடாது. இஃது இனத்தால் வந்த தடை. மற்றொன்று பெண்மையால் வந்த தடை. வியர்வை சிந்தப் போட்டியிடுதல் பெண்ணின் மென்மைக்கு ஒவ்வாது என்று 1920களில் அந்நாட்டு உடற்கல்வி அறிஞர் பலர் உரைத்தனர். அதனால் வெள்ளையர் கல்லூரிகள் பலவற்றில் பெண்களின் பந்தயங்கள் கைவிடப்பட்டன. ஆகவே கறுப்பினப் பெண் ஒருத்தி இருமடங்கு அடைபட்ட வாயிலின் முன் நின்றாள் என்னலாம்.

அவ்வாயிலை முதலில் தட்டிய நிலையங்களுள் ஒன்று அலபாமா மாநிலத்து டஸ்கீகி. புக்கர் டி. வாஷிங்டன் என்பார் 1881ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நிலையத்தில் கைத்தொழிலும் கல்வியும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இதன் விளையாட்டுத் துறைக்குத் தலைவராய் அமர்ந்த கிளீவ் ஆபட் என்பார் 1929ஆம் ஆண்டில் பெண்களுக்கெனத் தடகளக் குழுவொன்றை அமைத்தார். ஏனையோர் கைவிட்டதை இவர் கைக்கொண்டார். 1937ஆம் ஆண்டில் இக்குழுவினர் நாட்டுப் பெண்கள் பட்டத்தையே வென்றனர். அதன்பின் பல ஆண்டுகள் அப்பட்டம் அவர்களிடமே தங்கிற்று.

ஆபட் பயிற்றிய மாணவியருள் ஆலிஸ் கோச்மன் தலையாயவர். ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் 1923ஆம் ஆண்டில் பிறந்த இவர், விளையாட்டிடங்கள் தமக்கு அடைக்கப்பட்டிருந்தமையால் புழுதிச் சாலைகளில் வெறுங்காலுடன் ஓடியும், கயிற்றையும் கழியையும் கட்டித் தாண்டியும் பழகினார். டஸ்கீகியில் சேர்ந்து 1939 முதல் 1948 வரை பத்து ஆண்டுகள் இடையறாது உயரத் தாண்டுதலில் நாட்டுப் பட்டத்தை வென்றார். அவர்தம் ஆற்றல் முழுமையுற்றிருந்த 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் உலகப் போரின் காரணமாக ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. எனினும் 1948இல் இலண்டனில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பொன் வென்ற முதற் கறுப்பினப் பெண் இவரே. பதக்கத்தை அணிவித்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர்.

இனி, ஊர் திரும்பிய பின் நிகழ்ந்ததைக் காண்க. ஆல்பனி நகரம் அவரை ஊர்வலமாக வரவேற்றது. ஆயின் பாராட்டுக் கூட்டத்தில் வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தார் ஒருபுறமுமாக அமர்த்தப்பட்டனர். நகரத்தலைவர் அவர் கையைப் பற்றிக் குலுக்கவில்லை. கோச்மன் பக்கவாயில் வழியே வெளியேறினார். அயல்நாட்டு மன்னர் அளித்த மதிப்பைச் சொந்த ஊர் அளிக்கவில்லை. பதக்கம் மட்டுமே பயிற்சியின் பயனாயின், அப்பயன் அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். ஆனால் கோச்மன் 1949ஆம் ஆண்டில் ஆல்பனிக் கல்லூரியில் பட்டம் பெற்று ஆசிரியப் பணியில் அமர்ந்தார். ஓடுகளத்தில் பெற்றது வகுப்பறையில் பிறர்க்குப் பயன்பட்டது.

இவ்வழியை மேலும் செம்மைப்படுத்தியவர் டென்னஸி மாநிலக் கல்லூரியின் எட் டெம்பிள். நாஷ்வில் நகரத்துள்ள அக்கல்லூரியிலேயே பயின்று, 1950ஆம் ஆண்டில் பெண்கள் குழுவின் பயிற்சியாளராகி, 1994ஆம் ஆண்டுவரை அப்பணியில் நின்றார். தொடக்கத்தில் அவருக்கு வாய்த்தவை குறைவுற்ற ஓடுதளமும் சுருங்கிய பொருளுமே. விளையாட்டின் பொருட்டு உதவிச்சம்பளம் என்பது அப்பெண்களுக்கு இல்லை. கல்லூரியிலே நாள்தோறும் இரண்டு மணிநேரம் வேலை செய்து தம் கல்விச் செலவை ஈடுசெய்தனர். பந்தயங்களுக்குத் தம் வண்டியிலேயே அவர்களை ஏற்றிச் சென்றார் டெம்பிள். வழியில் உணவுச்சாலைகளும் ஒதுக்கிடங்களும் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தமையால் உணவைக் கட்டிக்கொண்டே புறப்பட்டனர்.

இவருடைய முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, இளமையிலேயே சேர்த்தல். கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி மாணவியரைக் கல்லூரிக்கு அழைத்துப் பயிற்றினார். வைகறையில் தொடங்கி நாளொன்றுக்கு மூன்றுமுறை பயிற்சி. கல்லூரி என்பது தமக்கு எட்டாத கனி என்றிருந்த சிற்றூர்ப் பெண்கள், அதன் மரநிழலில் சில வாரம் வாழ்ந்து, இஃது எமக்கும் உரியது என உணர்ந்தனர்.

இரண்டாவது, மூத்தவர் இளையவரைத் தாங்குதல். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற தொடரோட்டக் குழுவினர் நால்வரும் இக்கல்லூரிப் பயிற்சியில் வளர்ந்தவர்களே. அவருள் மே ஃபாக்ஸுக்கு அது மூன்றாவது ஒலிம்பிக். வில்மா ருடால்ஃபுக்கோ வயது பதினாறு. அச்சிறுமிக்கு ஓட்டத்தின் நுட்பத்தையும் அச்சத்தை அடக்கும் வகையையும் உடனிருந்து கற்பித்தவர் ஃபாக்ஸ். பயிற்சியாளர் ஒருவர் காட்டும் வழியினும், முன்னே நடப்பவள் பதிக்கும் அடிச்சுவடு தெளிவானது அன்றோ?

மூன்றாவது, பட்டம் பெறுதலைப் பதக்கத்தினும் மேலாக வைத்தல். வகுப்பைத் தவிர்த்தவள் ஓடுகளத்தில் இடம்பெறாள். ஓட்டத்தால் வரும் புகழ் சில ஆண்டளவே. கல்வியால் வரும் பிழைப்பு வாழ்நாளளவு என்பது அவர்தம் துணிபு.

வில்மா ருடால்ஃப் வரலாறு இம்மூன்றையும் விளக்கும். இருபத்திரண்டு மக்களுள் இருபதாவதாக 1940இல் பிறந்த இவருக்கு இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் தளர்ந்தது. கறுப்பினத்தார்க்கு மருத்துவம் செய்யும் நாஷ்வில் மருத்துவமனைக்கு அன்னை ஐம்பது மைல் தொலைவு பேருந்தின் பின்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்வார். வீட்டில் உடன்பிறந்தார் முறைவைத்துக் காலைத் தேய்த்துவிட்டனர். பல ஆண்டு இரும்புத் தாங்கியோடு நடந்த அப்பிள்ளை 1960இல் ரோம் நகரில் மூன்று தங்கப் பதக்கம் வென்றார். சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் வரவேற்பளிக்க முன்வந்தபோது, இனவேறுபாடின்றி எல்லாரும் ஒருங்கே கூடினாலன்றி வாரேன் என மறுத்தார். ஊர் இணங்கிற்று. அவ்வூரில் இரு இனத்தாரும் ஒருங்கு கலந்த முதல் விழா அதுவே என்பர். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் கோச்மன் பக்கவாயில் வழியே சென்றதையும், ருடால்ஃப் தலைவாயிலைத் திறப்பித்ததையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக.

இனி, டெம்பிள் முறையில் குறையே இல்லையோ எனின், உண்டு. நடை, உடை, நட்பு எல்லாவற்றிற்கும் கடுமையான விதிகள் வகுத்தார். ஆடவர் குழுவுக்கு இல்லாத கட்டுக்கள் பெண்களுக்கு இருந்தன. பழிகூறக் காத்திருப்போர் முன்னிலையில் தம் மாணவியர்க்கு இழுக்கு வாராமற் காக்கும் நோக்கம் அது என்று கூறலாம். எனினும் பிறருடைய தப்பெண்ணத்தின் சுமையைப் பெண்பிள்ளைகளே சுமக்க நேர்ந்தது. ஆயினும் விதியினும் மாணவி பெரியள் என்பதை அவர் அறிந்திருந்தார். குழந்தை பெற்ற பெண்ணைக் குழுவிற் சேர்ப்பதில்லை என்பது அவருடைய விதிகளுள் ஒன்று. 1958இல் பள்ளிப் பருவத்திலேயே தாயான ருடால்ஃபுக்காக அவ்விதியைத் தளர்த்தினார். அன்று அவர் விதியைப் பற்றி மாணவியை விட்டிருப்பாராயின், ரோம் நகர வெற்றியும் இல்லை, 1963இல் ருடால்ஃப் பெற்ற பட்டமும் இல்லை.

அன்றியும் அடங்கி நடக்கப் பயின்றோர் வாய்திறக்கவும் வல்லராயினர். இவர்தம் மாணவி வயோமியா டையஸ் 1964, 1968 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் ஓட்டத்தில் அடுத்தடுத்துப் பொன் வென்றார். ஆணாயினும் பெண்ணாயினும் அங்ஙனம் வென்ற முதல்வர் அவரே. 1968இல் கைமுட்டியை உயர்த்தி இனக்கொடுமையைக் கண்டித்தமைக்காக டாமி ஸ்மித், ஜான் கார்லஸ் என்னும் இருவர் நாடு திருப்பப்பட்டபோது, தொடரோட்டத்தில் பெற்ற பதக்கத்தை அவர்கட்கே உரித்தாக்கினார்.

டெம்பிள் பயிற்றிய நாற்பது பெண்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு 23 பதக்கங்கள் பெற்றனர். அவற்றுள் 13 தங்கம். இவ்வெண்கள் வியப்பளிப்பன. ஆனால் அந்நாற்பதின்மருள் முப்பத்தொன்பதின்மர் பட்டம் பெற்றனர் என்னும் எண்ணே யாம் முதற்கண் போற்றத்தக்கது. கல்விநிலையங்களில் ஆண்பெண் வேற்றுமையை விலக்கும் சட்டம் அந்நாட்டில் 1972இல்தான் எழுந்தது. சட்டம் வாராமுன்னரே ஒரு மண்தரை ஓடுதளத்தில் இத்துணையும் நிகழ்ந்தன.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். ஊரின் நெஞ்சை மாற்றும் ஆற்றலைப் பயிற்றுவோன் அளிக்க இயலாது; ஆல்பனியின் பக்கவாயில் அதற்குச் சான்று. மாணவி நிற்பதற்கு ஓரிடத்தையும், உடன் நிற்கத் தோழியரையும், களம் நீங்கிய பின்னும் நீங்காத கல்வியையும் அவன் அளிக்க இயலும். வாயிலைத் திறப்பிப்பது அவளுடைய செயல்.

இக்கல்லூரியிற் பயில்வோருள் பலர் நாளை பள்ளி ஆசிரியராவோம். ஆசிரியராய் விளங்கும் பழைய மாணவரும் இதனைப் படிப்பர். பெண்பிள்ளைகளின் கையிற் பந்தையோ கயிற்றையோ கொடுக்கும்போது, இவள் எத்துணை விரைவாய் ஓடுவாள் என்பதோடு நில்லாது, ஓடி முடித்தபின் எங்கே நிற்பாள் என்பதையும் எண்ணுவோமாக. அவ்வெண்ணமுள்ள பள்ளியில் விளையாட்டுவேளையும் பாடவேளையே ஆகும்.