பவுன் காசு, நினைவுக் காசு

சயானில் இட்லி விற்கும் ஒரு தாய்க்குச் சீட்டு விழுந்தது. மகள் கல்யாணத்துக்கு ஒரு பவுன் காசு வாங்க நினைத்தார். பக்கத்து வீட்டுத் தம்பி வேறு யோசனை சொன்னான்.

"அக்கா, அரசாங்கம் நினைவு நாணயம் போடுதாம். வாங்கி வைத்தால் பின்னால் லட்சம் லட்சமாய்ப் போகுமாம்."

"அது தங்கமா தம்பி?"

தம்பிக்குத் தெரியவில்லை.

சயானில் ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் அரசு நாணயச் சாலை இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்த 1918ஆம் ஆண்டில் மும்பையில் தங்கக் காசு அடித்தார்கள். ஏறக்குறைய 13 லட்சம் காசுகள். அது இங்கிலாந்தின் 'சாவரின்'. எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாவரின் நம் வாயில் சவரன் ஆனது. அதன் மதிப்பு ஒரு பவுண்டு. பவுண்டு பவுன் ஆனது.

அந்தப் பழைய காசு கிடைத்தால் சேகரிப்பவர்கள் தங்கத்தின் விலைக்கு மேலும் கொடுப்பதுண்டு. ஆனால் காசு மாலைக்காக ஓட்டை போட்டிருந்தால் அந்தக் கூடுதல் விலை போய்விடும். எத்தனை பாட்டிமார் கழுத்தில் அப்படித் தொங்கியதோ!

நினைவு நாணயம் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக மத்திய அரசு 1000 ரூபாய் நாணயம் வெளியிட்டது. எடை 35 கிராம். அதில் வெள்ளி 28 கிராம், செம்பு 7 கிராம். தங்கம் துளியும் இல்லை. அது கடையில் கொடுத்து அரிசி வாங்க அல்ல, ஆசைப்பட்டுச் சேர்ப்பவர்களுக்காக. திரும்ப விற்க அப்படி ஓர் ஆளைத் தேட வேண்டும். தங்கத்துக்கு அந்தத் தேடல் இல்லை.

2015இல் அரசு தங்கக் காசும் வெளியிட்டது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. 24 காரட், 5 கிராம், 10 கிராம். அதற்கு எடைதான் விலை.

"லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டு" என்பவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்கிறார்கள். பழைய நாணயம் வாங்க, விற்க எந்தக் கட்டணமும் தான் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021இல் எச்சரித்தது.

தாய் நகைக்கடைக்குப் போனார். காசைத் தராசில் வைக்கச் சொன்னார். ரசீதைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். 8 கிராம். 22 காரட். பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.