விட்பீல்டின் குரலும் எழுத்தும்

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை நாவின் திறத்துக்கென்றே வகுத்தவர் வள்ளுவர். அவற்றை வகுப்பிற் பயிலுந்தோறும் எம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. புலவன் மறைந்தால் அவன் பாட்டு நிற்கும். சிற்பி மறைந்தால் அவன் கல் நிற்கும். நாவலன் மறைந்தால் நிற்பது யாது? இவ்வையத்தோடு யாம் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியாராகிய ஜார்ஜ் விட்பீல்டு என்பாருடைய வரலாற்றைப் படித்தோம். வியப்பும் வருத்தமும் ஒருங்கே விளைந்தன. இரண்டையும் மறையாது ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

விட்பீல்டு 1714ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரிற் பிறந்தார். அவர் பெற்றோர் அந்நகரில் விடுதி ஒன்று நடத்தினர். இரண்டு வயதில் தந்தை இறந்தார். தட்டம்மை கண்டதனால் ஒரு கண் மாறுகண் ஆயிற்று. பகைவர்கள் பிற்காலத்தில் இதனைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். பள்ளியில் அவருக்கு நாடகத்தின்மேற் பேரவா இருந்தது. ஒத்திகைக்காகப் பாடங்களையும் கைவிட்டார். குடும்பம் நொடித்தபோது, படிப்பை நிறுத்தி, நீல முன்றானை கட்டிக்கொண்டு விடுதியின் அறைகளைக் கழுவினார். நாடகம் பாவமென்று பின்னாளிற் கடிந்த இவர், நாடகத்திற் பழகிய குரலையும் மெய்ப்பாட்டையும் பிரசங்க மேடைக்கு உடன்கொண்டு சென்றார் என்பதே எம் கருத்து.

1732இல் ஆக்ஸ்போர்டிலுள்ள பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். பொருளில்லாமையால் ஊழிய மாணாக்கராகவே சேர முடிந்தது. அதாவது, செல்வ மாணாக்கரைக் காலையில் எழுப்புதல், அவர் பாதரட்சைகளைத் துடைத்தல் முதலிய குற்றேவல்களைச் செய்து, அதற்கு ஈடாகக் கல்வி பெறுதல். இலவச உணவும் உபகாரச் சம்பளமும் பெற்றுப் படிக்கும் எம்மனோர் இதனைப் படிக்குமிடத்துச் சிறிது நின்று படிப்பர். ஆங்கு ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்னும் சகோதரரோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. 1736இல் தம் இருபத்தொன்றாம் வயதில் உதவிக்குருவாக அபிஷேகம் பெற்றார். அவருடைய முதற் பிரசங்கத்தைக் கேட்டுப் பதினைவர் பித்தராயினர் என்று அத்தியட்சரிடம் எவரோ முறையிட, அப்பித்தம் அடுத்த ஞாயிறு வரையிலாவது தெளியாதிருப்பதாக என்று அப்பெரியார் விடையிறுத்தாராம்.

ஆலயக் கதவுகள் பல அவருக்கு அடைபட்டதே அவரை வெளியிற் கொண்டுவந்தது. 1739ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வுட் என்னுமிடத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே வெட்டவெளியில் நின்று பேசினார். முதல்நாள் வந்தோர் ஏறக்குறைய இருநூற்றுவர். சில வாரங்களிற் பல்லாயிரவர் ஆயினர். கரி படிந்த முகங்களிற் கண்ணீர் வழிந்து வெண்கோடுகள் இட்டதை அவர் கண்டார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது தகுமோ என்று தயங்கிய ஜான் வெஸ்லியும் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் அழைப்புக்கு இணங்கி வெளியில் வந்தார். முன்குறித்தல் என்னும் கோட்பாட்டைப்பற்றி இவ்விருவரும் பின்னர்ப் பிணங்கியது தனிக்கதை. அது வேதசாஸ்திர மாணாக்கருக்கு உரியது.

அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. ஆயிரம் ஆயிரமாய்க் கூடினோர் அனைவரும் உண்மையிற் கேட்டனரோ? இவ்வினாவுக்கு விடைகண்டவர், அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்திவந்த பெஞ்சமின் பிராங்க்லின். விட்பீல்டு ஒரு மாலை அந்நகரின் நியாயஸ்தலப் படிகளின்மேல் நின்று பேசினார். பிராங்க்லின் கூட்டத்தின் கடைசியில் நின்று, ஆற்றை நோக்கிப் பின்னே பின்னே நடந்தார். தெருவின் இரைச்சல் குரலை மறைக்கும் இடம் வந்ததும் நின்றார். அத்தூரத்தை ஆரமாகக் கொண்டு ஓர் அரைவட்டத்தை மனத்தில் வரைந்து, ஆளுக்கு இரண்டு சதுர அடி இடங்கொடுத்துக் கணக்கிட, முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் கேட்கலாம் என்று கண்டார். பழங்காலச் சேனாதிபதிகள் தம் படை முழுதுக்கும் உரை நிகழ்த்தினர் என்னும் சரித்திரச் செய்திகளை அதுவரை ஐயுற்றிருந்த அவர், அன்று முதல் ஐயம் நீங்கினாராம்.

பிராங்க்லின் விட்பீல்டின் சீடர் அல்லர். ஜார்ஜியா நாட்டில் விட்பீல்டு கட்ட முயன்ற அநாதை விடுதியைக் குறித்தும் அவருக்கு இணக்கமில்லை. ஆளும் பொருளும் அரிதான அந்நாட்டிற் கட்டுவதினும், பிள்ளைகளைப் பிலதெல்பியாவுக்கே கொண்டுவருதல் நன்று என்பது அவர் எண்ணம். ஆகவே ஒரு காசும் கொடேன் என்று உறுதி செய்துகொண்டு பிரசங்கத்துக்குச் சென்றார். சட்டைப்பையிற் செம்பும் வெள்ளியும் பொன்னும் இருந்தன. சற்றுநேரங் கேட்டதும் செம்பைக் கொடுக்கலாம் என்று தோன்றிற்று. மேலுங் கேட்க, வெள்ளியைக் கொடாமை நாணமாயிற்று. முடிவிற் பொன்னும் உட்பட அனைத்தையும் தட்டிற் கொட்டிவிட்டார். இதனைத் தம் வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கின்றார்.

பிராங்க்லின் கண்டு சொன்ன இன்னொன்றே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. புதிதாக இயற்றிய பிரசங்கம் இது, பயணத்திற் பலகாற் செய்த பிரசங்கம் இது என்று கேட்டமாத்திரத்திற் பிரித்தறியத் தம்மால் இயன்றது என்கின்றார் அவர். பலகாற் செய்ததில் ஒவ்வோர் அழுத்தமும், ஒவ்வோர் ஏற்றத்தாழ்வும் இசைபோல அமைந்திருந்ததாம். ஓரூரில் நிலைத்திருக்கும் குருவானவர் ஞாயிறுதோறும் புதியது சொல்லக் கடமைப்பட்டவர். ஊரூராய்ச் செல்வோர்க்கோ, கேட்போர் புதியர், பொருள் பழையது. குதிரையும் கப்பலும் மழையும் வெயிலும் அவருக்குக் கொடுத்த கூலி இதுவே. அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பதின்மூன்று முறை கடந்தவர், ஒரு பிரசங்கத்தை எத்தனை முறை தீட்டியிருப்பார்! எம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பேச்சை ஒரே முறை பேசப் புகுந்து, நடுவிற் சொல் மறந்து நின்ற எமக்கு இது சிறிது ஆறுதல் அளிக்கின்றது.

ஆயின் அவருடைய அச்சிட்ட பிரசங்கங்களை எடுத்து வாசித்தபோது ஏமாற்றமே எய்தினோம். ஆறிய சோறுபோல் இருந்தன. குரல் போயிற்று, எழுத்து மட்டும் கிடக்கின்றது. வாயிற் பிறந்த பிழையை விளக்கியேனும் மறுத்தேனும் தப்பலாம், அச்சேறியது பகைவர் கைக்கு ஆயுதமாகும் என்று பிராங்க்லினும் வருந்துகின்றார். ஹார்வர்டு கல்லூரியின் ஒளி இருளாயிற்று என்ற கருத்துப்பட விட்பீல்டு எழுதி வெளியிட, அக்கல்லூரி ஆசிரியர்கள் 1744இல் அவருக்கு எதிராகச் சான்றுரை வெளியிட்டனர். எனினும் 1764இல் அக்கல்லூரியின் நூல்நிலையம் தீக்கிரையானபோது, அதற்குப் புத்தகங்கள் தேடித்தந்தவருள் அவரும் ஒருவர். இஃது அவர் பெருந்தன்மை.

இனி எம் வருத்தத்துக்கு வருவோம். 1740இல் அவர் மேரிலாந்து, வர்ஜீனியா, கரோலினா நாடுகளிலிருந்த அடிமை எசமானர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்; பிராங்க்லின் அதனை அச்சிட்டார். எசமானரின் நாய்கள் மேசையருகிற் செல்லமாய் வளர, அடிமைகள் அப்பரிவும் பெறாது வாடுகின்றனர் என்று அதில் அவர் கடிந்துரைத்தார். நன்று. ஆனால் மனிதரை விலைக்கு வாங்குதல் முறையோ என்னும் வினாவை அக்கடிதத்திலேயே தீர்க்காது விட்டார். அதே ஆண்டிற் சவன்னா நகருக்கு அருகே பெதஸ்தா என்னும் அவருடைய அநாதை விடுதிக்கு அடிக்கல் இடப்பட்டது. விடுதிக்குப் பொருள் போதவில்லை. 1747இல் தென் கரோலினாவில் அடிமைகளை வைத்து உழும் பண்ணை ஒன்றை அதன் செலவுக்கென வாங்கினார். ஜார்ஜியாவிலோ அடிமை முறை சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கை நீக்கவேண்டும் என்று வாதாடினோருள் விட்பீல்டும் ஒருவர். 1751இல் விலக்கு நீங்கியது. ஆபிரகாமின் வீட்டிலும் விலைக்கு வாங்கிய ஊழியர் இருந்தனர் என்று அவ்வாண்டு எழுதிய கடிதத்தில் நியாயங் காட்டினார்.

அக்காலத்து வழக்கம் அப்படி என்று சிலர் கூறலாம். அச்சமாதானத்தை யாம் ஏற்கமாட்டோம். அடிமையை விலக்கிய சட்டம் அந்நாட்டிலேயே இருந்தது. இவர் அதனை மாற்றவே முயன்றார். குவேக்கர் கூட்டத்தார் பலர் அந்நாளிலேயே இதனைப் பாவமென்றனர். வெஸ்லியும் 1774இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் எழுதினார். பிள்ளைகளின் பசி ஒருபுறம் அவரை நெருக்கிற்று என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பிராங்க்லினின் பொற்காசுகளை ஈர்த்த குரல், இக்காரியத்திற் பண்ணைக்காரரின் குரலோடு ஒன்றாயிற்று. வழக்கத்துக்கு மாறாக வெட்டவெளியில் நின்றவர், இதில் வழக்கத்தின் கூரைக்குட் புகுந்தார்.

1770ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் எக்ஸிட்டர் என்னும் ஊரில், மூச்சுத்திணறலோடு, திறந்த வெளியில் நெடுநேரம் பேசினார். அன்று மாலை நியூபரிபோர்ட் சேர்ந்தார். வாயிலில் மக்கள் கூடிநிற்க, படுக்கைக்குச் செல்லும் படியில் நின்று, கையிலிருந்த மெழுகுவர்த்தி எரிந்து தீருமளவும் பேசினார் என்பர். மறுநாள் விடியற்காலை உயிர் நீத்தார், வயது 55. அவ்வூர் ஆலயத்தின் பிரசங்க மேடைக்குக் கீழே அவரை அடக்கம் செய்தனர். பெதஸ்தா விடுதியையும் அதன் நிலங்களையும் அடிமைகளையும் ஹண்டிங்டன் சீமாட்டிக்கு அவர் மரணசாசனத்தால் வைத்துப்போனார்.

அவர் இறந்த செய்தி கேட்டு இரங்கற்பா எழுதியோருள் ஒருத்தி பாஸ்டன் நகரில் இருந்தாள். பெயர் பிலிஸ் வீட்லி; ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாய்க் கப்பலிற் கொண்டுவரப்பட்டு விலைக்கு விற்கப்பட்டவள்; அப்போது வயது ஏறக்குறையப் பதினேழு. விட்பீல்டை மிக அன்போடு புகழ்ந்து அவள் பாடிய அப்பாட்டு 1770இலேயே அச்சாகி, சமுத்திரத்தின் இருகரையிலும் அவள் பெயரைப் பரப்பிற்று. 1773இல் அவளுடைய பாடல்கள் லண்டனில் நூலாக வெளிவந்தன. அந்நூலை அவள் ஹண்டிங்டன் சீமாட்டிக்கே உரிமை செய்திருந்தாள்.