சுருள் பட்டையும் தடிப் பட்டையும்: கொள்முதலில் கவனிக்க வேண்டியவை



"ஐம்பது கிராம் பட்டை கொடுங்கள்" என்று கேட்பவருக்கு நாம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கேசியா எனப்படும் தடித்த பட்டைதான். சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் அது போதும். காரமும் மணமும் தூக்கலாகவே இருக்கும். அதை விற்பதில் தவறு ஒன்றும் இல்லை. இலங்கையில் விளையும் மெல்லிய சுருள் பட்டை வேறு மரத்தினுடையது. அங்குள்ள தமிழர்கள் அதைக் கறுவா என்பார்கள். விலையும் சில மடங்கு கூடுதல். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைக் கொடுக்கும்போதுதான் வில்லங்கம் வருகிறது.

முன்பெல்லாம் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு, தினமும் காலையில் பட்டைத் தூளை வெந்நீரில் போட்டுக் குடிப்பவர்கள் ஏராளம். அது பலன் தருமா என்று சொல்வது மருத்துவர் வேலை. நமக்குத் தெரிய வேண்டியது வேறு. தடிப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறித் தொடர்ந்து உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஜெர்மன் நாட்டு நிபுணர்களின் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 2 கிராம் தடிப் பட்டைத் தூளிலேயே அந்த வரம்பு எட்டிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு சிறு கரண்டி. குழம்பில் ஒரு துண்டு போடுகிறவருக்கு இதனால் பயமில்லை. இலங்கைச் சுருள் பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. ஆகவே "சுருள் பட்டைதான் வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், அதற்குக் காரணம் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன், சுருள் பட்டையின் உடைசல் என்று ஒரு தரகர் நான்கு மூட்டை கொண்டுவந்தார். விலை சற்று இறக்கம். மூட்டையின் வாயில் கையைவிட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. இரண்டு மூட்டை விற்ற பிறகு, நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசாமல் கல்லாவின் மேல் ஒரு கைப்பிடித் துண்டுகளைப் பரப்பினார். பாதிக்கு மேல் தடிப் பட்டை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் இரண்டு ஆண்டுகள் அவர் எங்கள் படி ஏறவில்லை. மற்றவர்களுக்குப் போன சரக்கு யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ, யார் மருந்துக்குப் போனதோ! தரகரைக் குறை சொல்லி என்ன பயன்? மூட்டையின் அடிவரை பார்க்காதது நாங்கள்தான்.

இனி, இரண்டையும் பிரித்தறியும் முறை. சுருள் பட்டையைச் செய்யும் விதம் தெரிந்தால் அடையாளம் தானே பிடிபடும். இலங்கைத் தொழிலாளி கிளையின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையை மட்டும் உரிப்பார். அந்த மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்திக் கையால் உருட்டி உருட்டிச் சுருளாக்குவார். எனவே குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுருட்டின் உள்ளே தெரிவது போலப் பல மெல்லிய அடுக்குகள் தெரியும். நிறம் வெளிர் பழுப்பு. விரலால் நசுக்கினாலே நொறுங்கும். தடிப் பட்டை அப்படியல்ல. ஒரே கனத்த பட்டை இருபுறமும் உள்நோக்கி வளைந்திருக்கும், அல்லது தட்டையாகவே கிடக்கும். நிறம் கருஞ்சிவப்பு. பல சரக்கில் வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்கும். உடைக்கக் கை வலிக்கும்.

வாயில் போட்டு மென்று பார்ப்பதும் நல்ல சோதனை. சுருள் பட்டை மெல்லிய இனிப்போடு, கிராம்பின் சாயல் கலந்து மணக்கும். தடிப் பட்டை நாக்கைச் சுரீர் என்று பிடிக்கும். சில ரகங்கள் மெல்ல மெல்ல வழவழப்பாகும். வாசனையை மட்டும் நம்பவேண்டாம். கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் இரண்டும் ஒரே வாசனை அடிக்கும்.

சுருள் பட்டைக்குள்ளும் தரம் உண்டு. குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய சுருள் ஆல்பா, அதுதான் முதல் தரம். பிறகு கான்டினென்டல், மெக்சிகன், ஹாம்பர்க் என்று கனம் கூடிக்கொண்டே போகும். ஹாம்பர்க் தரத்தைப் பார்த்துவிட்டுப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. கனமாக இருந்தாலும் அடுக்கு அடுக்காகத்தான் இருக்கும்.

தூளில்தான் கஷ்டம். கண் உதவாது. ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்டி, டிஞ்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டால், தடிப் பட்டையாக இருந்தால் கருநீலமாகும். சுருள் பட்டையில் பெரிய மாற்றம் தெரியாது. நாமே அரைத்த நல்ல தூளைப் பக்கத்தில் வைத்துச் செய்தால்தான் வித்தியாசம் புரியும். மாவு கலந்திருந்தாலும் நீலம் வரும் என்பதால் இதை முடிவான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. எங்கள் வழக்கம், முழுப் பட்டையாக வாங்கி நம் கண் முன்னே அரைக்கச் சொல்வதுதான்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் இரண்டுக்கும் தனித்தனி தரம் உண்டு. ஒரு பொருளின் பெயரில் இன்னொரு பொருளை விற்பது தவறான பெயரிடல் ஆகும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இலங்கைப் பட்டைக்குப் புவிசார் குறியீடு வழங்கி அந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே மொத்தக் கடையில் வாங்கும்போது பில்லில் வெறுமனே "பட்டை" என்று எழுதவிடாதீர்கள். "சுருள் பட்டை, இலங்கை" என்றோ "கேசியா" என்றோ தெளிவாக எழுதி வாங்குங்கள். விற்றவர் கொடுக்கும் பில்லே சட்டத்தின் முன் உத்தரவாதமாகக் கொள்ளப்படும். பில் வேண்டாம், விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் சுருள் பட்டை வாங்கவே வேண்டாம்.

இப்போது எங்கள் கடையில் இரண்டையும் கண்ணாடிப் பாட்டில்களில் பெயரும் விலையும் எழுதி அருகருகே வைத்திருக்கிறோம். "ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?" என்று கேட்பவர் கையில் ஆளுக்கொரு துண்டு கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொல்கிறோம். பலரும் குழம்புக்குத் தடிப் பட்டையையே வாங்கிப் போகிறார்கள்.