சிறுவீடு

நுழையும்முன்

ஆண்டின் முடிவை ஒரே இரவில் கொண்டாடிக் கழிப்போர் உண்டு. நாளுக்கொரு பூவாகச் சேர்த்துவைத்து, மாதம் முடிந்தபின் அமைதியாக வழியனுப்புவோரும் உண்டு. தென்மாவட்டச் சிற்றூர்களில் வழங்கிவரும் சிறுவீட்டுப் பொங்கல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஆண்டின் தொடக்கம் சித்திரையா, தையா என்னும் வழக்கு அறிஞரிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. தை அறுவடையை எதிர்நோக்கி உழைத்த உழவர் குடும்பங்கள் அவ்வழக்கின் தீர்ப்பிற்குக் காத்திருப்பதில்லை. மார்கழியின் இறுதிநாளே அவர்களுக்கு ஓராண்டு உழைப்பின் இறுதிநாள். அந்நாளே போகி. வீட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, பயன்படாத பாயையும் முறத்தையும் துடைப்பத்தையும் வாசலில் இட்டுக் கொளுத்துவர். கோரையும் மூங்கிலும் ஓலையுமே எரிந்த காலத்தில் அது ஒரு கைப்பிடிச் சாம்பலோடு முடிந்தது. டயரும் நெகிழியும் அதில் சேர்ந்தபின் நிலைமை மாறியது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகையும் பனியும் ஒன்றாகக் கவிந்து, விமானப் போக்குவரத்தே தடுமாறியது.

பழையதை விரைந்து எரித்துவிடும் இவ்வழக்கத்திற்கு அருகிலேயே, பழையதைப் பொறுமையாகச் சேர்த்துவைக்கும் வழக்கம் ஒன்றும் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளில் அதனைச் சிறுவீட்டுப் பொங்கல் என்பர்.

மார்கழி முதல்நாளிலேயே அதற்கான வேலை தொடங்கிவிடுகிறது. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுவர். கோலத்தின் நடுவே சாணத்தை உருண்டையாகப் பிடித்து வைத்து, அதில் ஒரு பூசணிப்பூவைச் செருகுவர். பீர்க்கம்பூவோ செம்பருத்தியோ கிடைத்தாலும் ஏற்பதுண்டு. பூசணிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு திரண்டிருக்கும். நீண்ட காம்புடைய ஆண்பூக்கள் மிகுதியாகப் பூப்பதால், அவற்றிற் சில கோலத்திற்குப் போனாலும் காய்ப்புக் குறைவதில்லை. இருட்டிலேயே காம்பைத் தடவிப் பார்த்து ஆண்பூவை இனங்காணும் பாட்டிமாருக்கு இந்தத் தாவரவியலை எவரும் கற்பித்ததில்லை.

வெயில் ஏறியதும் பூ வாடிவிடும். அதனைக் குப்பையில் எறிவதில்லை. பூவோடு சேர்த்துச் சாணத்தை வட்டமாகத் தட்டிக் காயவைத்து, எருவாக எடுத்து அடுக்கிவைப்பர். ஒரு நாளுக்கு ஓர் எரு. மார்கழி முடியும்போது 29 அல்லது 30 நாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டின் மூலையில் அடுக்கப்பட்டிருக்கும். நாட்குறிப்பு எழுதும் பழக்கமில்லாத வீட்டில் அது ஒரு நாட்குறிப்பாகவே அமைந்துவிடுகிறது. பூக் கிடைக்காத நாளும், மழையால் கோலம் கலைந்த நாளும் அவ்வடுக்கைப் பார்த்தவுடன் வீட்டாரின் நினைவுக்கு வரும்.

தைப்பொங்கலுக்குப் பின் சிறுவீட்டுப் பொங்கல் வருகிறது. அதற்குரிய நாள் ஊருக்கு ஊர் வேறுபடும். சிறுமியர் முற்றத்தில் களிமண்ணால் சிறிய வீடொன்றைக் கட்டுவர். முழங்காலைக்கூட எட்டாத சுவர்கள். ஆயினும் வாசலும் அறையும் அடுக்களையும் பிரிக்கப்பட்டிருக்கும். சுண்ணாம்பும் காவியும் பூசுவதுண்டு. அவ்வீட்டின் முன் சிறு பானைகளில் பொங்கலிடுவர். பெரிய பொங்கலன்று அடுப்பருகே வராதே என்று விலக்கப்பட்ட பிள்ளைகள் இன்று பொங்கலுக்கு உரியவர்கள். அம்மாவும் அத்தையும் அவர்களுக்கு எடுபிடிகள். பால் பொங்கும்போது எழும் குலவை, பெரிய பானைக்கு எழுந்ததைவிடக் குறைந்து ஒலிப்பதில்லை.

சிறுமியர் வீடு கட்டி விளையாடுவது தமிழுக்குப் புதிதன்று. சிற்றில் இழைத்தலும் சிறுசோறு சமைத்தலும் சங்கப் பாடல்களில் இடம்பெறுகின்றன. தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்பனைக் கலித்தொகைத் தலைவி நினைவுகூர்கிறாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம் உள்ளது. தை மாத நீராடலும் சங்க நூல்களில் பேசப்படுகிறது. இவற்றின் எச்சமே சிறுவீட்டுப் பொங்கல் என்று துணிந்து கூற மேலும் சான்றுகள் தேவை. உறவு இருக்கக்கூடும் என்று எண்ணுவதில் பிழையில்லை.

பெண்பிள்ளைகளை அடுக்களைக்குப் பழக்கும் விளையாட்டே இது எனக் குறைகூறுவோர் உண்டு. அக்குறையைப் புறந்தள்ள இயலாது. தம்பியும் மண் குழைத்து, தம்பியும் அடுப்பூதினால் சிறுவீட்டிற்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடாது.

இன்று வேறொரு சிக்கலும் உள்ளது. சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பிள்ளைகளும் பேரர்களும் வந்து சேர்வது போகியன்று இரவில்தான். மூன்று நாள் வீடு நிறைந்திருக்கும். கரும்பு கடிப்பதும், பனங்கிழங்கின் நார் உரிப்பதும், ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து நள்ளிரவுவரை பேசிக்கிடப்பதுமாக அந்நாள்கள் கழியும். ஆனால் அதற்கு முந்தைய மாதம் முழுவதும் பனியில் எழுந்தவர் ஒருவரே. முற்றம் சிமெண்டுத் தரையானபின் களிமண் எங்கிருந்தோ வரவேண்டியிருக்கிறது. மாடில்லாத தெருவில் சாணத்தை விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. முப்பது எருவில் ஒன்றைக்கூடத் தட்டாதவர்கள் முப்பதையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறார்கள். பாட்டி அதற்கும் மகிழ்ந்து சிரித்தவாறு நிற்கிறார். அடுத்த மார்கழியிலும் அவரால் குனிந்து கோலமிட இயலுமா என்பதைப் பலர் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கும் விடுப்பு முடிந்துவிடுகிறது.

பொங்கல் படைத்தபின் எருக்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ குளத்துக்கோ செல்வர். வடகிழக்குப் பருவமழை அண்மையில் ஓய்ந்திருப்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் நீர் இருக்கும். கரையில் கும்மி கொட்டுவர். பின்னர் எருவின்மேல் சூடம் ஏற்றி, நீரில் ஒவ்வொன்றாக விடுவர். காய்ந்த எரு சிறிது தொலைவு மிதந்து செல்கிறது, சுடர் அணைகிறது, எரு நனைந்து கரைந்து அடியில் படிகிறது. யாருடைய எரு நெடுந்தொலைவு போயிற்று என்பதில் சிறுமியரிடையே பூசல் எழுகிறது. எடுத்துச்சென்ற நெகிழிப் பையை மட்டும் யாரேனும் ஒருவர் நினைவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் மார்கழி மாதத்தில் நாள்தோறும் செய்த வேலைகளைக் கேட்டு, அவர் பயன்படுத்திய வட்டாரச் சொற்களை மாற்றாமல் எழுதுக. அவற்றுள் இன்று வழக்கொழிந்த ஒன்றைத் தேர்ந்து, அது நின்றுபோன காரணத்தை வகுப்பில் உரையாடுக.