தையல் நூலும் சீழும்

அன்புள்ள கதிர்,

உன் ஷிப்டில் வேலை பார்க்கும் பையனுக்கு உள்ளங்கையில் போட்ட தையல் நாலாம் நாளே சீழ் வைத்துவிட்டது, மட்டமான நூல்தான் காரணம் என்று சிப்காட்டில் பேசிக்கொள்கிறார்கள் என எழுதியிருந்தாய். நூலுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் 1957-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குச் சம்மதிக்காது! வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. ஒரு பட்டு நூலை உள்ளே விட்டதும் சில நூறே போதுமாயிற்று. உடம்புக்குள் கிடக்கும் எந்த அந்நியப் பொருளும் கிருமிக்குத் திண்ணை போட்டுக் கொடுத்ததுபோலத்தான்.

நூலுக்கு நூல் வித்தியாசம் உண்டு. பட்டு நூல் பல இழைகளைப் பின்னியது. இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறும்; அதோடு கிருமியும் ஏறும். கிருமி ஒரு மைக்ரான் அளவு, அதைத் தின்ன வரும் வெள்ளணு பத்து மைக்ரானுக்கு மேல். கிருமி நுழைந்த சந்துக்குள் வெள்ளணு நுழைய முடியாது. நைலான், புரோலீன் எல்லாம் ஒற்றை இழை. கடலூர் முதுநகர்ப் பக்கம் வலைக்குப் போடும் தங்கூசியைப் பார்த்திருப்பாயே, அதே ஜாதி. முடிச்சு வழுக்கும், அதனால் கூடுதல் முடிச்சு போட வேண்டும். ஆனாலும் அழுக்குப் பட்ட காயத்தின் தோலுக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். காயம் தாங்குகிற அளவில் மெல்லிய நூல் நல்லது. உள்ளே தங்கும் பொருள் குறையும். மதுரை அரோலேப்பில் கண் அறுவைக்குச் செய்யும் நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய நூலும் இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்த உனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் இந்தியா உட்பட 7 நாடுகளில் வயிற்று அறுவை செய்துகொண்ட 5,788 பேரிடம் நடந்த ஃபால்கன் ஆய்வு 2021-இல் வெளியானபோது, பூசாத நூலைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. அடுத்த வருடம் வந்த சீட்டா ஆய்வில், வயிற்றை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியதிலேயே புண் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. விலை கூடிய நூலைவிட மாற்றிப் போட்ட கையுறை சாதித்தது அதிகம்.

உன் ஷிப்ட் பையன் விஷயத்தில் நான் முதலில் கேட்பது, தைக்கும் முன் காயத்தை எவ்வளவு நேரம் கழுவினார்கள் என்பதைத்தான். கிரீஸும் துருவும் படிந்த காயத்தைச் சலைன் ஊற்றிக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தைக்காமல் டிரெஸ்ஸிங் போட்டு, நாலைந்து நாள் கழித்துத் தைப்பதும் உண்டு. "தையல்கூடப் போடாமல் அனுப்பிட்டாங்க" என்று ஜனங்கள் சண்டைக்கு வருவது இதற்குத்தான்.

இப்போது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவனிடம் சொல். ஓரிரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும். விரல் முழுதும் வீங்கி, மடங்கியபடியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிறமாதிரி வலித்தால், தசைநார் உறைக்குள் சீழ் இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் விடியட்டும் என்று பார்க்காதே, அன்றிரவே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போ.

அன்புடன்,
அத்தை